கோடு பார்க்கும் அக்கா

எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் செத்தால், அது எந்த வியாதியில் செத்தது என்று சான்றிதழ் கொடுப்பது அக்காவின் உத்தியோகம். வானாய்வுக் கூடத்தில் வாசல் காவலாளி முதல் இயக்குநர்வரை அனைவருக்கும் அவர் அக்காதான். இயக்குநர் அவரைவிட வயதில் மூத்தவர். இருந்தாலும் அக்கா குரலை உயர்த்தும்போது யாருக்கும் வயது நினைவுக்கு வருவதில்லை.

வேலை நடப்பது ஊருக்குள், ஒரு மாடி அறையில். அங்கே ஏசி உண்டு, அது கணினிகளுக்கு. மனிதர்கள் அதன் தயவில் இருமிக்கொண்டு வாழலாம். மலைமேல் இருக்கும் சிறிய தொலைநோக்கி, நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிரித்து விரித்து நிறமாலையாக அனுப்பும். திரையில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு, அவ்வளவுதான். அதில் ஹைட்ரஜன் இருந்தால் இரண்டாம் வகை வெடிப்பு. ஹைட்ரஜன் இல்லாமல் சிலிக்கான் பள்ளம் விழுந்திருந்தால் முதல் வகையில் ஆகச் சாதாரணமானது. வாரத்துக்குக் கூடை கூடையாக வரும்.

அன்று காலைப் பத்திரிகையில் இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். 'அபூர்வ வகை வெடிப்பு கண்டுபிடிப்பு' என்று தலைப்பு. அக்கா பஸ்ஸிலேயே அதைப் படித்து, வாய்விட்டுத் திட்டியும்விட்டார். பக்கத்து இருக்கைக்காரர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். அது அவர் இறங்க வேண்டிய நிறுத்தமா என்பது தெரியவில்லை.

விஷயம் இதுதான். பேட்டி அவசரத்தில் இயக்குநர் தன் திருக்கரங்களாலேயே நிறமாலையைத் தயாரித்திருந்தார். பல வருடங்களாக நாற்காலியைத் தவிர வேறு கருவி எதையும் தொடாதவர். வெடித்த நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு விண்மீன் திரள் இருக்கும். அதன் வெளிச்சமும் சேர்ந்தே வரும். அதைக் கழிக்க வேண்டும். அவர் கழிக்கவில்லை. பின்னால் சும்மா கிடந்த ஹைட்ரஜன், வெடித்தவன் கணக்கில் ஏறிவிட்டது.

கோடு ஊசிபோல மெல்லிசாக இருந்தது. சாதாரணமாக, வெடித்துச் சிதறும் ஹைட்ரஜன் அசுர வேகத்தில் எல்லாத் திசையிலும் ஓடுவதால் கோடு அகன்று கிடக்கும். ஊசிக்கோடு வந்தால் இரண்டில் ஒன்று. ஒன்று, உண்மையிலேயே அபூர்வ வகை. இல்லை, எவரோ கழிக்க மறந்த வகை. பின்னது அபூர்வமே இல்லை.

அக்கா கழித்துப் பார்த்தார். ஊசி காணாமல் போனது. சிலிக்கான் பள்ளம் பல்லை இளித்தது. சாதாரணத்திலும் சாதாரணம், அதுவும் உச்சம் தாண்டி மங்கிக்கொண்டிருந்தது.

இதோடு போயிருந்தால் அக்கா நாலு வார்த்தை திட்டிவிட்டு டீ குடித்திருப்பார். ஆனால் அதே பொழுதில் இன்னொன்று வந்திருந்தது. முந்தின இரவுப் படத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இப்போது நீலமாகக் கொதிக்கிறது. பிறந்த குழந்தை! சாகும் முன் அந்த நட்சத்திரம் என்னத்தைக் கக்கியது என்று அதைச் சுற்றியிருக்கும் வாயு இப்போது காட்டிக்கொடுக்கும். நாளைக்குள் சிதறல் அந்த வாயுவை விழுங்கிவிடும். சிறிய தொலைநோக்கி அனுப்பிய மங்கலான நிறமாலையில் அந்த நுணுக்கம் தெரியாது. வெளிநாட்டில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் இவர்களுக்கு அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு மணி நேரம். அதை இயக்குநர் தன் அபூர்வத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

அக்கா அவர் அறைக்குப் போனார். தட்டவில்லை.

"சார், பின்னணிய யாரு கழிப்பா? உங்க மாமனாரா?"

"உக்காருங்க அக்கா. பேட்டி குடுத்தாச்சு. இப்பப் போய் வகைய மாத்தினா நம்ம மானம் என்ன ஆகும்?"

"நீங்க பேட்டி குடுத்தது அந்த நட்சத்திரத்துக்குத் தெரியாது சார். அது பாட்டுக்கு முதல் வகையா செத்துக் கெடக்கு."

"ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பிடலாமே?"

"கேள்விக்குறிய உங்க போட்டோ மேல போடுங்க. அந்த ஒரு மணி நேரத்த எனக்குக் குடுங்க."

"அடுத்த வாரம் தர்றேன் அக்கா, சத்தியமா."

"அடுத்த வாரம் அங்க சாம்பல்தான் இருக்கும்!"

வெளியே வந்ததும் செல்போன் அடித்தது. வீட்டுக்காரர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்தில் உட்கார்ந்து தனி பிரேக்கை மிதித்தே பிழைப்பவர்.

"சாப்டியா?"

"சாப்பாடு ஒண்ணுதான் கொறச்சல் எனக்கு! வைங்க போன!"

"கொஞ்சம் மெதுவா..."

"நான் என்ன உங்க காரா, மிதிச்சதும் நிக்க?"

போனை அணைத்துவிட்டு அக்கா உட்கார்ந்தார். இரண்டு வெடிப்புகளுக்கும் வகையெழுதி, நிறமாலைகளோடு, தன் பெயரிலேயே உலகத்துக்கே தெரிகிற பொது அறிவிப்பில் ஏற்றினார். அனுமதி கேட்கவில்லை. பிறகு பெரிய தொலைநோக்கியில் நேரம் ஒதுக்குபவரைப் போனில் பிடித்தார். அவரும் தமிழர்தான், அதனால் தூரம் கோபத்தைக் குறைக்கவில்லை.

"உங்க டைரக்டர் இப்பதான் பேசினார். நேரம் அவருக்குத்தான்னு முடிவாயிடுச்சு."

"முடிவ விடுங்க. நான் ஏத்தின கோட்டப் பாருங்க. கண்ணு இருக்குல்ல?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

"அட, கழிக்கவே இல்லையா மனுஷன்!"

"இப்ப யாருக்குத் தருவீங்க?"

ஒதுக்குபவர் நல்லவர். நல்லவர்கள் செய்யும் அநியாயத்தையே செய்தார். "யாருக்கும் மனவருத்தம் வேணாம் அக்கா. ஆளுக்கு அரை மணி."

மறுநாள் இரண்டு நிறமாலைகளும் வந்தன. அக்காவின் குழந்தை அரை மணிக்குள் ஹீலியம் கோட்டைக் காட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் நைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே கிறுக்கல், கருவியின் இரைச்சல். கோடா தூசா என்று சொல்ல முடியவில்லை. இன்னும் ஓர் அரை மணி கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும். இனி எவனுக்கும் தெரியாது. சிதறல் அந்த வாயுவை விழுங்கிவிட்டது.

இரண்டையும் அச்செடுத்து இயக்குநர் மேசைமேல் போட்டார்.

"இது எனக்கு வந்தது. இது உங்களுக்கு வந்தது. பாருங்க, நல்லா பாருங்க."

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன்னுடையதை வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அக்கா, சிலிக்கான் எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாத்தீங்களா! இந்த வகையிலேயே இவ்வளவு துல்லியமா உலகத்துல யாரும் எடுத்திருக்க மாட்டாங்க. ஒரு பேட்டி குடுத்திரலாமா?"

அக்கா கதவைச் சாத்திய வேகத்தில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்தபடியே தன் அறைக்கு நடந்தார். புதிதாக வெடித்தவை வரிசையில் காத்திருந்தன. நாற்காலியை இழுத்துப்போட்டு, முதல் ஆசாமியின் பின்னணியைக் கழிக்கத் தொடங்கினார்.