என் கையில் மட்டும் நின்ற வண்டி

எங்கள் கார் யார் ஓட்டினாலும் ஓடும், நான் ஓட்டினால் நிற்கும். இதைக் கண்டுபிடித்தது நானல்ல. மாத்தளை டவுனில் எங்கள் வண்டியைப் பார்க்கிற கராஜ் மெக்கானிக் பாஸும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து கண்டுபிடித்த பெரிய உண்மை அது.

நான் எல்கடுவையில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். காலையில் அந்தப் பக்கம் போகும் பஸ் வந்தால் வரும், வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. சீனி வருத்தம், அந்த நீரிழிவு, முற்றி வீட்டுக்காரரின் பார்வை மங்கிப் போன பிறகு, அவர் வைத்திருந்த பழைய சின்னக் காரின் சாவி என் கைக்கு வந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் வளைவு வளைவாக மலையேறப் பழகினேன். யாருக்கும் சமைக்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் நான் நானாக இருப்பது அந்தப் பாதையில்தான். அந்த நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

அதில்தான் மண் விழுந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று ஒரு வெட்டு வெட்டும். பிறகு இருமும். சில நேரம் அதோடு சரியாகிவிடும். சில நேரம் சிவப்பு விளக்கெல்லாம் எரிய, என்ஜின் செத்துவிடும். ஓரமாக நிறுத்தி, கடவுளே என்று சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மழையிலும் நின்றது, வெயிலிலும் நின்றது. சூடாக இருக்கும்போது நிற்கிறதா, குளிரில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் களைத்துப் போனேன். இரண்டிலும் நின்றது.

பாஸ் ப்ளக் மாற்றினார். ப்ளக் வயர் மாற்றினார். கொயிலை மாற்றினார். பெட்ரோல் பில்டர், அதற்குப் பிறகு பம்ப். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து, நான் குள்ளம் என்பதால் முன்னுக்கு இழுத்துப் போட்டிருக்கும் சீட்டை டமாரென்று பின்னுக்குத் தள்ளி, நீளக் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வருவார். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும்.

“டீச்சர், வண்டில ஒன்னும் இல்லீங்க. நீங்க கிளச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க போல” என்றார் கடைசியில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளச்சில் கால் வைத்தால் சிவப்பு விளக்கு எரியுமா? அதைக் கேட்டேவிட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே ஸ்பானரைத் துடைத்தார். வீட்டுக்கு வந்தால் இவர் வேறு, சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, “நான் ஓட்டுன காலத்துல ஒரு நாளாவது நின்னுச்சா?” என்பார். நிற்கவில்லைதான். அந்தக் கோபத்தில் அன்றைக்கு ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். வேண்டுமென்றே மறந்தேன் என்றும் சொல்லலாம்.

ஒரு நாள் ஏற்றத்தில் வளைவு திரும்பும்போது செத்தது. பின்னால் மரக்கறி லொறி. அவன் அடித்த ஹோர்ன் இன்னும் காதில் இருக்கிறது. கதவை உரசாத குறையாக விலகிப் போனான், போகிற போக்கில் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டு போனான். நான் ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் முகம் வெளுத்துப் போனது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். 

“போதும். டவுன் ஸ்கூல்ல இடம் இருக்குன்னாங்கல்ல. மாத்தம் எடுத்துரு. இந்த வண்டிய நம்பி மல ஏறாத.”

டவுன் பாடசாலை வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வண்டி சரியானால் மலைக்குப் போவேன், சரியாகாவிட்டால் பாடசாலைத் தவணை முடிவோடு எல்லாம் முடிந்தது. ஓ எல் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளுக்கு வேறு கணித ஆசிரியர் இல்லை என்பதைச் சொன்னேன். “உசுரு போனா மட்டும் படிப்பிப்பியா?” என்றார். தவணை முடியும்வரை பாஸிடம் இன்னும் இரண்டு தடவை கொண்டுபோய்ப் பார்த்தேன். வெண்ணெய்தான்.

தோற்றுப் போனேன். விடுமுறை தொடங்கிய பிறகு ஒரு காலையில் என் புத்தகங்களை எடுத்து வரப் புறப்பட்டேன். எத்தனையோ தடவை, “நீங்களே ஏறி உக்காந்து பாருங்க, என் மேல பிழையான்னு” என்று கூப்பிட்டும் வராத வீட்டுக்காரர், அன்று சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். கையில் ஒரு தலையணை.

“முதுகு வலிக்குதுன்னியே. சீட்ட பின்னுக்குத் தள்ளி இத வச்சுக்க.” அவரே தள்ளி, அவரே வைத்தார்.

இந்த அக்கறையை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ என்று நினைத்தேன். ஆனால் மனம் இருந்த இருப்பில் சண்டை பிடிக்கவும் தெம்பில்லை. நுனிக்காலால் கிளச்சை மிதித்துக்கொண்டு ஏறினேன். ஒரு வெட்டுக் கிடையாது, ஓர் இருமல் கிடையாது. அதுவே என்னை இன்னும் அழ வைத்தது. பாடசாலையில் என் அலுமாரியைக் காலி செய்தேன். கடதாசியில் பிள்ளைகள் செய்த கூம்பும் உருளையும் நசுங்காமல் பெட்டிக்குள் வைக்க வெகு நேரம் பிடித்தது. இவர் வெளியே காரில் சாய்ந்து, தெரியாத தேயிலை மலையைத் தெரிகிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கும்போது என்னால் முடியவில்லை. இறக்கத்தில் காலுக்குப் பிரேக் எட்டாமல் எப்படி ஓட்டுவது? தலையணையை உருவிப் பின்னால் எறிந்து, சீட்டை முன்னுக்கு இழுத்தேன்.

“வேணாம், அப்படியே இரேன்” என்றார் அவர்.

“கால் எட்டலங்க.”

“மெதுவா போகலாம். பின்னுக்கே இரு.”

“நான் ஓட்டவா, நீங்க ஓட்டுறீங்களா?” என்றேன். அவர் கதவுக்கு மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். என் ஓட்டத்தில் இவ்வளவு பயமா என்று எனக்குக் கொதித்தது.

தொழிலாளர் லயங்களைத் தாண்டிய இரண்டாவது வளைவில் வெட்டியது. பாதை குழியில் தூக்கிப் போட, இன்னொரு வெட்டு. சிவப்பு விளக்குகள் எரிந்தன. பதறிக் கிளச்சையும் சேர்த்து மிதிக்க, இரண்டாம் கியரில் இருந்த வண்டி தன்பாட்டில் உருண்டு இறங்கியது. பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. மறுபடி மிதித்தேன், பாதி பிடித்தது. என்ஜின் பலம் போன பிரேக், மூன்றாம் தடவை கருங்கல்லை மிதித்த மாதிரி இருந்தது. கீழே வளைவிலிருந்து பஸ் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. எனக்கு இடது பக்கம் பள்ளம். எழுந்து நிற்காத குறையாகப் பிரேக்கில் காலை ஊன்றினேன்.

“சீட்ட பின்னுக்குத் தள்ளு!” என்று கத்தினார். “சீட்டு! சீட்ட தள்ளுடி!”

நான் தள்ளுவதற்குள் அவரே குனிந்து, என் காலடியில் கைவிட்டு லீவரை இழுத்தார். பிரேக்கை ஊன்றியிருந்த என் கால், சீட்டோடு என்னைப் பின்னுக்கு உதைத்துத் தள்ளியது. கிளச்சிலிருந்தும் கால் நழுவ, அந்த நொடியே என்ஜின் உறுமிக்கொண்டு உயிர் பிடித்தது. கியர் வண்டியை இழுத்துப் பிடிக்க, சீட்டில் சரிந்து இறங்கி நுனிக்காலால் பிரேக்கைத் தேடி மிதித்தேன். இப்போது மெத்தென்று இறங்கியது. பள்ளத்தின் விளிம்பில் நின்றோம். பஸ் எங்களை உரசிக்கொண்டு மேலே போனது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டேன். பிறகுதான் எனக்கு உறைத்தது.

“சீட்டுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏங்க, ஒங்களத்தான் கேக்குறேன்.”

“கள்ளனுக்குப் பயந்து அந்தக் காலத்துல வண்டி கெளம்பாம இருக்க ஒரு சுவிட்ச் போட்டேன்” என்றார். “ஒளிச்சு வச்சது. அதுக்குப் போற வயர் ஒன் சீட்டுக்கு அடியில ஓடுது. நான் மறந்தே போயிட்டேன். நீ வண்டி நிக்குதுன்னதும் ஞாபகம் வந்து கைய விட்டுத் தடவிப் பார்த்தேன். வயர் உள்ளுக்குள்ள அந்து போயிருக்கு. சீட்டு முன்னுக்கு வந்தா இழுபட்டு விலகும். பின்னுக்குப் போனா சேந்துக்கும்.”

“எப்ப தடவிப் பார்த்தீங்க?”

“மொத தடவ நின்னப்பவே.”

லொறி உரசிப் போன அன்று என் தோளைப் பிடித்த அந்தக் கையை நினைத்தேன். அன்றைக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மறுநாள் என்னை மறுபடி வண்டியேற விட்டிருக்கிறார். கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. கொலைகாரன் என்று சொன்னது மட்டும் நிச்சயம். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

“லொறி கதைய நீ சொன்ன அன்னைக்கே சொல்லிருவோம்னுதான் எந்திரிச்சு வந்தேன்” என்றார். “வாய் வரல. நீ விடியப் போனா பொழுது சாயத்தான் வர்ற. எனக்கு மணிக்கூடு தெரியிறதில்ல, டீவி தெரியிறதில்ல. கேட் சத்தத்துக்குக் காத்துக்கிட்டே இருப்பேன். வண்டி நின்னா நீ டவுனுக்கே வந்துருவன்னு நெனச்சேன்.”

“அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே. தனியா இருக்கேன், பக்கத்துல வந்துருன்னு ஒரு வார்த்த.”

“சொல்லியிருந்தா வந்திருப்பியா?”

பொய் சொல்ல அந்த இடத்தில் எனக்கு வரவில்லை. “இல்ல” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அதைவிடப் பெரிய பதிலை எதிர்பார்த்திராத மாதிரி ஆட்டினார்.

சீட்டை அப்படியே பின்னுக்கு விட்டேன். சீட்டின் விளிம்பில் நுனியாக உட்கார்ந்து, முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்து அந்தச் சின்ன இடத்தில் வண்டியைத் திருப்பினேன்.

“எங்க போற?”

“புஸ்தகத்த அலுமாரில வைக்க” என்றேன்.