கத்திரி பிடிக்காத கை

என் அண்ணி தையல்காரி. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற வாரம் என்றால் முன்னறை முழுக்கச் சீருடைத் துணிதான். உட்கார இடம் கேட்டால் நாத்தனார் என்றும் பார்க்காமல் முறைப்பார். வாயில் நூல் இருந்தாலும் பேச்சுக்குக் குறைவே கிடையாது.

மூன்று வருடம் முன்பு அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேர்த்துக் கொட்டி, குளியலறை வாசலில் சரிந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றியவர் அண்ணிதான். அதிலிருந்து அவருக்குப் பாதி டாக்டர் என்று நினைப்பு. நெஞ்சைப் பிடித்தால் மாரடைப்பு. பிடிக்காவிட்டால் வேறு ஏதோ. அவ்வளவுதான் அவருடைய மருத்துவப் படிப்பு.

இந்த வருடம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் முழுக்க அண்ணிக்கு உடம்பு சரியில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "வயசாகுதுல்ல" என்றார். தாடை வலித்தது. "நூலைப் பல்லால கடிக்கிறேன்ல" என்றார். சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது. அந்தப் பழி அண்ணன் சமையல் மேல் விழுந்தது. நாங்களும் மண்டையை மண்டையை ஆட்டினோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை மகளின் சட்டையை வாங்கப் போனேன். மின்விசிறிக்கு அடியிலேயே அண்ணி வேர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கத்திரி பிடிச்சுப் பிடிச்சு கை கழண்டு விழுது" என்று தோளிலிருந்து தேய்த்துக்கொண்டார்.

தேய்த்தது இடது கையை.

"அண்ணி, கத்திரியை எந்தக் கையில பிடிப்பீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தவர், இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் வலது கைதான் கத்திரியை எடுத்தது.

"இந்த ஒரு காலர மட்டும் முடிச்சிட்டு..."

"காலரும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கத்திரியைப் பிடுங்கினேன். சமையலறையிலிருந்து ஓடிவந்த அண்ணன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பதற்றத்தில் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலியெல்லாம் இல்ல. இஸ்திரிப் பெட்டியத் தூக்கி நெஞ்சு மேல வச்ச மாதிரி பாரமா இருக்கு, அவ்வளவுதான்" என்றார் அண்ணி.

அவ்வளவுதானாம்! உடனே ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், உள்ளே கொண்டுபோனார்கள்.

அடைப்பை நீக்கிவிட்டு வெளியே வந்த டாக்டரம்மா சொன்னார்: "ஆம்பளையோ பொம்பளையோ, முக்கால்வாசிப் பேருக்கு நெஞ்சுலதான் தெரியும். ஆனா வலியாத்தான் வரணும்னு இல்ல, பாரமா, இறுக்கமா வரலாம். பொம்பளைங்களுக்குக் களைப்பு, மூச்சு வாங்குறது, குமட்டல், தாடை வலி எல்லாம் கொஞ்சம் அதிகமாவே வரும். நல்லவேளை, நேரத்துக்கு வந்துட்டீங்க. இனி பயமில்ல."

அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது. அண்ணன் மட்டும் சுவரைப் பார்த்து நின்றார்.

"ஒரு வாரமா பக்கத்துலயேதான் இருந்தேன். நெஞ்சப் பிடிச்சா பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்" என்று உடைந்து அழுதார்.

மாலையில் உள்ளே விட்டார்கள். அண்ணி வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக அந்தக் குறட்டைக்குப் பயந்து தலையணையோடு வேறு அறைக்கு ஓடிய அண்ணன், நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.