வெறும் சோறு தின்ற எலி

பெருமுக்கல் அரிசி மில்லை விட்டு மரக்காணம் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். மாமாவின் தோளில் எலி மருந்துப் பை. என் கையில் கம்பிக் கூண்டு, அதற்குள் கொழுத்த எலி ஒன்று.

மில்காரர் கொடுத்தனுப்பியது அது. மாமா விற்ற நீல வில்லைகளை மூலைக்கு மூலை வைத்தும் எலிகள் குட்டி போட்டுக்கொண்டேயிருந்தனவாம். "ஏம்பா, மருந்து விக்கிறியா, பிஸ்கட் விக்கிறியா? இந்த ஒண்ண உன் மருந்தால சாவடிச்சு எடுத்துட்டு வா. இல்லன்னா இந்தப் பக்கமே வராத" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அங்கே பெயர் கெட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கக் கெடும். மாமாவுக்கு வேறு தொழில் கிடையாது. எனக்கு மாமாவைத் தவிர யாரும் கிடையாது.

உப்பளத்தோரம் ஒரு கொட்டகையில் தங்கினோம். மாமா தினமும் வில்லை வைத்தார். எலி அதைத் தின்றது, முகம் கழுவிக்கொண்டது, பிறகு நான் பாத்திக் கரையில் பறித்துப் போட்ட உமரிக் கீரையையும் தின்றது.

"டேய், மருந்து இதுக்கு சத்து டானிக் மாதிரி இருக்குதுடா" என்றார் மாமா.

மருந்துதான் தீர்ந்தது. எனக்கு எலிமேல் மரியாதை வந்துவிட்டது. விஷத்தையே செரித்தவனுக்கு இலை தழையா என்று கீரையை நிறுத்தி, எங்கள் சோற்றில் பங்கு வைத்தேன். எங்களுக்கே அது வெறும் சோறுதான். சில வாரங்களில் எலி சுருண்டது. ஒரு காலையில் மூக்கில் ரத்தம் கசிந்து செத்துக் கிடந்தது.

மருந்து தின்ற எலி அப்படித்தான் சாகும் என்று மாமா சொல்லியிருக்கிறார். நான் குதித்தேன். "மாமா, செத்துடுச்சு! எடுத்துட்டுப் போய் காட்டலாம் வா."

மாமா குனிந்து அதன் மூக்கையே பார்த்தார். "மருந்து தின்னப்ப சாவல. சோத்தத் தின்னு செத்திருக்குது."

"அவருக்குத் தெரியவா போவுது?"

"அவரு மில்லுல இருக்கிற எலிக்குத் தெரியும்டா."

பல வருஷம் கழித்து, பல ஊர் சுற்றி நான் ஒரு தானியக் கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில், மருந்து வைக்க வந்தவர் ஒருவர் விளக்கினார். ரத்தத்தை உறையவிடாமல் செய்வதுதான் அந்த மருந்து. அதைத் தாங்கும் குணத்தோடு சில எலிகள் பிறக்கின்றன. அந்தக் குணத்துக்கு ஒரு விலையும் உண்டு. பச்சை இலையில் உள்ள சத்து அவற்றுக்கு மற்ற எலிகளைவிட அதிகம் வேண்டும். கிடைக்காவிட்டால் மருந்தே இல்லாமலும் ரத்தம் கசியும்.

அன்று எங்கள் இருவருக்குமே அது தெரியாது. செத்த எலி கையில் இருந்தும், மில்காரரிடம் காட்டாமல் மாமா அதை ஏன் கரையில் புதைக்கிறார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை மாமா உப்பு வாரும் வேலைக்குப் போய் நின்றார். "இதுக்கு முன்னாடி என்ன வேல பாத்த?" என்று கேட்டார் மேஸ்திரி.

"எலி வளத்தேங்க" என்றார் மாமா.