மாமாவின் எஞ்சினைக் கழற்றியது

என் கையெழுத்தைப் படிக்கிறவர்கள் முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம். தண்ணீர் மோட்டர்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிச் சுற்றி விரல்கள் மரத்துவிட்டன, பேனை பிடித்தால் எழுத்துச் சரிகிறது. வாயால் சொல்லலாம் என்றால் அது இதைவிட மோசம். ஆட்களுக்கு முன்னால் என் வாய் திறக்காது. நடந்த பிழையும் அதனால் வந்ததுதான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீட்டையும் பெண்ணுக்கே எழுதிக் கொடுப்பார்கள். அப்படித்தான் நான் கல்முனையில் இந்த வீட்டுக்கு வந்தேன். மற்ற மகள்மார் தங்கள் சீதன வீடுகளில் இருந்தார்கள், மாமாவும் மாமியும் எங்களோடேயே பின் அறையில் இருந்தார்கள். நான் வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் மாமியோடு நேருக்கு நேர் நின்று கதைத்தது குறைவு. அவர் ஏதும் கேட்டால் என் மனைவியிடம் பதில் சொல்வேன். மனைவி அதை அவரிடம் சொல்வாள். மூவரும் ஒரே கூடத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

மாமா சாறன் வியாபாரி. மருதமுனைத் தறிகளில் எடுத்துப் பொத்துவில் வரைக்கும் கடைகடையாகக் கொடுப்பார். அதற்காகத்தான் அந்தச் சின்ன வெள்ளைக் காரை வாங்கினார். விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணினால் முதலில் இருமும். பிறகு தகரக் கூரையில் மழை விழுவதுபோல ஒரு சத்தம். மாலையில் அந்தச் சத்தம் பள்ளிவாசல் முடக்கில் கேட்டதும் மாமி தேத்தண்ணிக்குக் கேத்தலை வைப்பார். மாமா கை கால் கழுவி வரும்போது தேத்தண்ணி சரியான சூட்டில் இருக்கும்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் மாமாவும் நின்றார். இரண்டு இரவு காருக்குள்ளேயே படுத்தார். முதுகு பிடித்து வீட்டுக்கு வந்த அவரிடம் நான் என்னை மறந்து சொல்லிவிட்டேன், “மாமா, இந்த எஞ்சின எடுத்துப்போட்டு மோட்டர் ஒண்டு வெச்சா கரண்டிலயே ஓடும்.” போனில் எனக்குப் பாஷை விளங்காத ஆட்கள் அப்படிச் செய்கிற படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்து வைத்திருந்தேன்.

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். “நான் மௌத்தாகினாப் பொறகு என்னத்தையும் செய்ங்க மருமகன். உசிரோட இரிக்கக்குள்ள என்ட காரத் தொடாதீங்க.”

அடுத்த வருடம் மாமா மௌத்தானார். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் எழும்பவில்லை.

மாமி இத்தா இருந்தார். புருஷன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல், வெள்ளை உடுத்து இருக்க வேண்டும். மாமி பின் அறையை விட்டுக் கூடத்துக்குக்கூட அதிகம் வரவில்லை. கார் முற்றத்தில் வேலியோரம் நின்றது. அறை யன்னலுக்கும் காருக்கும் பத்துப் பன்னிரண்டு அடிதான் தூரம். ஆனால் யன்னலில் தடித்த திரை போட்டிருந்தது. மாமிக்குச் சத்தம் கேட்கும், பார்க்க ஏலாது.

அந்தக் காலத்தில்தான் பழைய இரும்புக் கடையில் எனக்கு ஒரு மோட்டர் கிடைத்தது. சாமான் தூக்குகிற வண்டியிலிருந்து கழன்றது. கம்பி எரிந்திருந்தது, நானே திரும்பச் சுற்றினேன். தண்டில் கைவைத்துச் சுழற்றிப் பார்த்தபோது என் நெஞ்சு அடித்த அடி எனக்கே வெட்கமாக இருந்தது. மாமா சிரித்துச் சொன்னதை அப்போது நினைத்துக்கொண்டேன். ‘மௌத்தாகினாப் பொறகு செய்ங்க.’ அதை ஒரு அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். பகிடியாகச் சொன்னது பகிடிதான் என்று எனக்குத் தெரியாமலில்லை.

மனைவி கேட்டாள், “உம்மாட்டக் கேட்டீங்களா?”

“கேப்பன்.”

“எப்ப?”

“கேப்பன் புள்ள.”

கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பற்றரியைக் கழற்றினேன். எண்ணெயையும் றேடியேட்டர் தண்ணீரையும் வடித்தேன். பொனட்டை எடுத்து மதிலில் சாத்தினேன். வயர்கள் குழம்பாமல் இருக்க மாமாவின் சாறன் கட்டுகளில் கிடந்த நிற நூல்களை எடுத்து ஒவ்வொரு முனையிலும் கட்டினேன். புகைக் குழாய்ப் போல்ட்டுகள் கடல் காற்றில் கறள் பிடித்து இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்துத் தட்டினேன்.

யன்னலுக்குள் மாமியின் குரல் கேட்டது. “மகள், மருமகன் காரையா பாக்காரு?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த திருகு சாவியைப் பார்த்தேன்.

“ஓம் உம்மா, பாக்காரு.”

“அல்லாஹ் அவருட கைக்கு பறக்கத்தத் தரட்டும். இத்தா முடிஞ்சா முதல் பயணம் ஒலுவிலுக்குத்தான். சின்னவரப் பாத்துட்டு வரணும். வாப்பாட கார்லயே போவம்.”

சின்னவர் என்றது மாமாவின் தம்பியை. ஒலுவிலில் தோணி வைத்திருக்கிறார். மாமா பிறந்த வீட்டில்தான் அவர் இருக்கிறார்.

அன்றிலிருந்து நான் வேலை செய்கிற நேரமெல்லாம் மாமி எனக்குத் தேத்தண்ணி அனுப்பினார். இஞ்சி தட்டிப் போட்டது. மாமாவுக்குப் போடுகிற அதே மாதிரி. நான் குடித்தேன்.

எஞ்சினைத் தூக்குகிற நாளுக்கு ஒரு கூட்டாளியை வரச் சொன்னேன். சாய்ந்தமருதில் தோணி எஞ்சின் பார்க்கிறவன். என்னோடு ஒன்றாகப் பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆனால் எனக்குச் சேர்த்து அவனே கதைப்பான். பாரம் தூக்குகிற செயின் புளொக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வேப்ப மரத்தின் கிளை தாங்காது என்று சொல்லி மூன்று தென்னங்குற்றிகளை நட்டு முக்காலி கட்டினான். எஞ்சின் விலகினால் கியர்பொக்ஸ் தொங்கிவிடும், அதற்கு நான் அடியில் ஜாக்கி வைத்தேன். தாங்கிகளின் கடைசிப் போல்ட்டும் கழன்றது. அவன் சங்கிலியை இழுத்தான். கரகரவென்று எஞ்சின் எழும்பியது. சின்ன எஞ்சின்தான். காருக்குள் இருக்கும்போது பெரிதாகத் தெரிந்தது, வெளியே வந்து தொங்கும்போது ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. அடியிலிருந்து மிச்ச எண்ணெய் சொட்டியது.

“மருமகன்!” யன்னலுக்குள்ளிருந்து மாமி நேராக என்னைக் கூப்பிட்டார். “பாரமானதத் தூக்காதீங்க. இடுப்புப் புடிச்சிரும்.”

கூட்டாளி சங்கிலியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான், “டேய், மாமிட்டப் பொருத்தம் எடுத்துத்தானே இதச் செய்றாய்?”

பொருத்தம் என்பது எங்களுக்குள் சாதாரணச் சொல் அல்ல. ஒருவரின் பொருளையோ மனதையோ தொட்டுவிட்டால் அவர் ‘பொருந்தினேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுமையில் கணக்குச் சொல்லி நிற்க வேண்டிவரும்.

“இன்னும் இல்ல,” என்றேன்.

“அடேய்! வீடு உன்ட பொஞ்சாதிட. கார் அப்பிடியில்ல. அது மௌத்தானவருட சொத்து. இன்னும் பங்கு பிரிக்கல்ல. மாமிக்குப் பங்கு, மகளுகளுக்குப் பங்கு, ஆம்புளப் புள்ள இல்லாததால ஒலுவில் தம்பிக்கும் பங்கு இரிக்கி. உனக்கு அதுல ஒரு ஸ்குரூகூட இல்ல மச்சான்.”

முற்றத்தில் நிற்பதெல்லாம் வீட்டோடு சேர்ந்தது என்று நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். சீதன வீட்டில் வாழ்கிற ஆண்களுக்கு வருகிற மயக்கம் இது. எதுவும் நம்முடையதில்லை, ஆனால் எல்லாவற்றையும் நாம்தான் திருத்துகிறோம். திருத்தித் திருத்திச் சொந்தக்காரன் என்று நினைத்துவிடுகிறோம்.

“கை நோகுது,” என்றான் அவன். “சொல்லு. இறக்கவா, ஏத்தவா?”

இறக்கு என்று சொல்லியிருக்கலாம். அப்போதுதான் கழற்றிய போல்ட்டுகள் எல்லாம் கைக்கெட்டிய இடத்தில் இருந்தன. மாலைக்குள் பழையபடி பூட்டியிருப்பேன். மாமிக்கு எதுவும் தெரிந்திருக்காது. நான் காருக்குள் திறந்து கிடந்த இடத்தைப் பார்த்தேன். என் மோட்டர் அதற்குள் எப்படி இருக்கும் என்று பார்த்தேன்.

“ஏத்து,” என்றேன்.

தெரியாமல் செய்தது அதுவரைக்கும்தான். அதற்குப் பிறகு செய்தது தெரிந்து செய்தது.

எஞ்சினைப் பழைய டயர் ஒன்றின் மேல் வைத்து, விறகுக் கொட்டிலுக்குள் தள்ளி, நெல்லுச் சாக்கால் மூடினோம். கூட்டாளி போகும்போது என் தோளில் தட்டினான். “மாமிட்ட இண்டைக்கே சொல்லு. உனக்கு வாய் இல்லாட்டி நான் சொல்லட்டா?”

“வேணாம். நான் சொல்றன்.”

நான் சொல்லவில்லை. மோட்டரைக் கியர்பொக்ஸோடு பொருத்தத் தடித்த தகடு வெட்டினேன், தண்டு நேராக வரவில்லை என்று திரும்ப வெட்டினேன். பின்சீட்டுக்கு அடியிலும் முன்னாலும் பற்றரிகளை அடுக்கினேன். ஒருநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கார் முற்றத்தில் தானாக நகர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. மணலில் டயர் நெரிபடுவது மட்டும் கேட்டது. சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. யன்னலைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

மாமி உள்ளே மகளிடம் சொல்வது கேட்டது. “இன்னும் ஸ்டார்ட் ஆகுதில்லப் போல. நானும் காதக் குடுத்துக்கிட்டுத்தான் இரிக்கன். பாவம் அவர், எவ்வளவு பாடுபடுறாரு.”

அன்று படுக்கப் போகும்போது மனைவி சொன்னாள், “என்னையும் பொய்க்காரியாக்கிட்டீங்க.”

இத்தா முடிந்த அன்று காலை சொந்தபந்தப் பெண்கள் வந்து போனார்கள். மாமி குளித்து, இளம் பச்சைச் சேலை உடுத்து, முகம் மெலிந்து வெளியே வந்தார். வெயிலுக்குக் கண் கூசி நெற்றியில் கையை வைத்தார். வந்தவர் நேராகக் காரடிக்குத்தான் போனார். கதவைத் தடவினார்.

“போவமா மருமகன்? ஸ்டார்ட் பண்ணுங்க.”

மனைவியைத் தேடினேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள். வேண்டுமென்றுதான் போனாள். எனக்காகச் சொல்ல அங்கே யாருமில்லை. நான் பொனட்டைத் திறந்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த பேச்சு.

மாமி எட்டிப் பார்த்தார். நிற நூல்கள், வயர்கள், என் மோட்டர். வெகுநேரம் பார்த்தார்.

“எங்க?” என்றார்.

கொட்டிலைக் காட்டினேன். அவர் போனார், நான் பின்னால் போனேன். சாக்கை அவரே இழுத்தார். குனிந்து எஞ்சினின் மேல் மூடியில் கையை வைத்தார். எண்ணெய் பட்ட கையைச் சேலையில் துடைக்கப் போனவர் நிறுத்தி, சாக்கில் துடைத்தார்.

“மாமி,” என்றேன். குரல் வரவில்லை. திரும்பச் சொன்னேன். “மாமி, கேக்காமக் கழட்டிப்போட்டன். பிழ செஞ்சிட்டன். எனக்குப் பொருந்திக்கொள்ளுங்க.”

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். “உங்கட வாயால என்னோட இவ்வளவு நீளமாக் கதைச்சது இண்டைக்குத்தான்,” என்றார். திட்டினாரா பகிடி பண்ணினாரா என்று எனக்கு விளங்கவில்லை. “என்ட பங்குக்கு நான் பொருந்தினன். மகளுகளும் பொருந்துவாங்க. சின்னவருக்கும் பங்கு இரிக்கி. அவர்ட்ட நீங்களே கேளுங்க. மகள விட்டுச் சொல்ல வேணாம். இது ஒலுவிலுக்குப் போகுமா?”

“போகும் மாமி. திரும்பியும் வரும்.”

“அப்ப வாங்க.”

மாமி முன்சீட்டில் ஏறி, அவரது வழக்கப்படி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். மனைவி பின்னால் ஏறினாள். நான் காரை எடுத்தேன். கார் நகரத் தொடங்கியதும் மாமி பழக்கத்தில் கேட்டார், “ஏன் இன்னும் ஸ்டார்ட் பண்ணல்ல?” கேட்டு முடிக்குமுன் வேலிகள் பின்னால் போவதைக் கண்டு கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். சாய்ந்தமருது கடைத்தெருவில் நடந்துபோனவர்களுக்கு நாங்கள் வருவது கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஹோர்ன் அடிக்க வேண்டியிருந்தது. காரைதீவு தாண்டி நிந்தவூரும் போனது. மூன்று பேர் ஒரு சொல்லும் இல்லாமல் இருந்தோம். எஞ்சின் இருந்திருந்தால் அது எங்களுக்காகக் கதைத்திருக்கும்.

ஒலுவிலில் சின்னவர் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். இரண்டு இடத்தில் திக்கினேன். அவர் ஊசியை நிறுத்தவே இல்லை.

“என்ன, நானாட காரா? கரண்டிலயா ஓடுது?” என்றார். நானா என்றது அண்ணனை, எங்கள் மாமாவை. “பொருந்தினன், பொருந்தினன். என்ட தோணிக்கும் ஒண்டு பூட்டித் தாங்க. மண்ணெண்ணெய்க்குச் செத்துப்போறன்.” பிறகு மீன் வெட்டச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அவ்வளவுதான். நான் மாதக்கணக்காகப் பயந்த கதை வலையின் ஒரு கண்ணைப் பொத்துகிற நேரத்தில் முடிந்தது.

திரும்பி வரும்போது காரைதீவு வயல்களுக்குப் பக்கத்தில் மாமி வாயைத் திறந்தார். முன்னால் ரோட்டைப் பார்த்தபடிதான் சொன்னார்.

“நீங்க கேட்டிரிந்தா நான் ஓமெண்டுதான் சொல்லியிரிப்பன் மருமகன். வேணாமெண்டு சொல்ல எனக்கு என்ன இரிக்கி? ஆனா கழட்ட முதல் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொல்லியிரிப்பன். யன்னலடியில இரிந்து கேட்டிரிப்பன்.”

நான் காரை ஓரம் கட்டினேன். “இப்பவும் ஏலும் மாமி. எஞ்சினக் கீழ வெச்சுப் பூட்டி, பெற்றோல் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறன்.”

மாமி தலையாட்டினார். “அது வேற சத்தம். வேணாம். ஓட்டுங்க, மஹ்ரிபுக்கு முதல் போவம்.”

எஞ்சின் இன்னும் கொட்டிலில்தான் கிடக்கிறது. இறுகிவிடக் கூடாது என்று அவ்வப்போது எண்ணெய் விட்டுத் திருகு சாவி போட்டுக் கையால் சுற்றுவேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. சுற்றும்போது உள்ளே ஏதோ மெதுவாக மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு மாமி குசினியிலிருந்து தேத்தண்ணி அனுப்புவார். இப்போதும் இஞ்சி தட்டிப் போட்டதுதான். இன்றைக்கும் வந்தது. ஆறவிட்டு இதை எழுதினேன்.

ஸபர் மாதம், பிறை பதினொன்று, வியாழக்கிழமை.