கொலுசு உயரம்

1963 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து, சுவர்க் கடிகாரத்துக்கு வாரச் சாவி கொடுத்தேன். ஏழு மணிக்கு உறையூர்க் கடைத்தெருவில் காய்கறி. எட்டரைக்குச் செருப்புக்குப் பாலிஷ். பிற்பகல் இரண்டேகாலுக்கு நானும் மனைவியும் மூத்த மகளும் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம்.

ஆற்றங்கரைப் பூங்காவில் புதிதாக நிறுத்தியிருந்த, குடம் ஏந்திய காவிரித்தாய் சிலையைப் பார்க்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தோம். பார்க்கப்படப் போகிறவள் என் மகள். வயது இருபத்துநான்கு. மூன்று முறை வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லவில்லை. தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆகவே இந்த இடத்துக்காரர்கள் மட்டும் வெளியில், தற்செயலாகப் பார்ப்பதுபோல் பார்க்கட்டும் என்று என் மைத்துனர் ஏற்பாடு செய்தார். தற்செயல் என்பதால் நாங்கள் அவர்களிடம் பேசக் கூடாது.

இவர்களையே முதலில் மலைக்கோட்டைக்கு வரச் சொன்னோம். கூட்டத்தில் வேறு யார் வீட்டுப் பெண்ணையோ பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். இம்முறை அந்தத் தவறு நேரக் கூடாது என்று நானே முந்தின ஞாயிறு வந்து இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். சிலையின் வலது பாதத்துக்கு நேர் கீழே. பச்சைப் புடவை. மூன்றே முக்கால் மணி, ராகு காலத்துக்கு முன்.

மகளையும் மனைவியையும் அங்கே நிறுத்திவிட்டு எதிரே பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்தேன். என்னை அவர்கள் பார்த்ததில்லை. மைத்துனரோடு மாப்பிள்ளையும் அவர் தாயும் தங்கையும் வந்தார்கள். தாயும் தங்கையும் என் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்கள்.

“பச்சைப் புடவைதானே?” என்றாள் தாய்.

“ஆமாங்க,” என்றார் மைத்துனர், என்னைப் பார்க்காமல்.

“என்னங்க இது, சிலையோட கொலுசுக்குத்தான் வர்றா!”

“அம்மா, அது சிலை,” என்றார் மாப்பிள்ளை.

“எனக்குத் தெரியாதா? நீ பொண்ணைப் பாருடா. வந்ததுலேருந்து அண்ணாந்து அந்தக் குடத்தையே பார்த்துக்கிட்டிருக்கே.”

“கல்யாண போட்டோவுக்கு அண்ணிக்கு ஒரு முக்காலி போட்டுடலாம்மா,” என்றாள் தங்கை. சிரித்தார்கள்.

என் மகள் என் மனைவியைவிட உயரம். ஆனால் இருவருமே அந்தப் பாதத்தின் கீழ் இரண்டு பொம்மைகள்போல் நின்றார்கள். ஒரு வாரம் முன்பு அதே இடத்தில் நான் நின்றபோது இது எனக்குத் தோன்றவில்லை. கூட்டமில்லை, வெளிச்சம் நன்றாக விழுகிறது, அதை மட்டும் பார்த்திருக்கிறேன். சற்றுத் தள்ளி நில் என்று சைகை காட்டக்கூட இப்போது வழியில்லை.

தாய் என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, நீங்க இந்தப் பக்கத்து ஆளா? சிலை எத்தனை அடிங்க?”

“இருபத்திரண்டு அடிங்க,” என்றேன். “ஆனா பீடமே தனியா மூணரை அடி. அதைக் கழிச்சுத்தான் பார்க்கணும்.”

“பீடம் கிடக்கட்டுங்க,” என்று எழுந்துவிட்டாள். “நாலரைக்கு ராகு காலம். கிளம்புங்க.”

மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெண்ணையா சிலையையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவர்கள் வாசலைத் தாண்டும்வரை என் மகள் அசையவில்லை. அப்படித்தான் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்க பெஞ்சுல உட்கார்ந்தாங்களே, அவங்கதானேப்பா? என்ன பேசினாங்க?”

“சிலையைப் பத்தித்தாம்மா.”

“பிடிச்சிருந்துச்சாமா?”

“உயரமா இருக்குன்னாங்க.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலத்தைக் கடக்கும்வரை மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்கு மைத்துனர் வந்தார். “உயரந்தான் யோசிக்கிறாங்க மாப்ளே. நாலே முக்கால் அடிகூடத் தேறாதுன்னு அந்தம்மா அடிச்சுச் சொல்லுது. பையனுக்கு மறுப்பு இல்ல. ஆனா அவங்கம்மா பேச்சைத் தாண்ட மாட்டான். அளவை எழுதி ஒரு கார்டு போடுங்க. நான் பேசிப் பார்க்கறேன்.”

மறுநாள் காலை, காபிக்கும் முன், இஞ்சி டேப்பை எடுத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன். நிலைக்கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். தலைமேல் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். கோட்டிலிருந்து தரைக்கு டேப்பைப் பிடிக்கக் குனிந்தபோது, அவள் குதிகால்கள் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கியிருந்ததைப் பார்த்தேன். டேப் காட்டியது ஐந்தடி ஒன்றரை அங்குலம். கார்டில் அதையே எழுதினேன்.