பூட்டியிருந்த வீடுகள்

அந்த அக்கா கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து, "இது யாரு வச்சது?" என்று கேட்ட நொடி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் சிறு கம்பெனி. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம். அக்கா புள்ளியியல் படித்தவர். நான் புரோகிராம் எழுதுபவன். மேடவாக்கம் பக்கத்துத் தெருக்களில் குடிநீர் எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு. எல்லா வீட்டுக்கும் போக முடியாது. எந்தெந்த வீட்டுக்குப் போவது என்று குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் மென்பொருளை நாங்கள் இருவரும் உருவாக்கினோம். வீடு பூட்டியிருந்தால் இன்னும் இரண்டு முறை போக வேண்டும், அப்போதும் ஆளில்லை என்றால் 'பூட்டியிருந்தது' என்றே பதிய வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. வேலை இழுக்கிறதென்று, பக்கத்து வீட்டை மாற்றாக எடுத்துக்கொள்ள ஒரு பட்டன் வைக்கச் சொன்னார் மேனேஜர். அக்காவிடம் சொல்லாமலே வைத்துக் கொடுத்தேன். அந்தப் பட்டனைத்தான் அக்கா திரையில் கண்டுபிடித்தார்.

"பகல்ல பூட்டிக் கிடக்கறது யார் வீடுப்பா? ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க வீடு. இல்ல, குடத்தோட தண்ணி லாரிக்கு நிக்கறவங்க வீடு. அவங்கள விட்டுட்டு, போர் போட்டு வீட்ல இருக்கறவங்களப் போய்க் கேட்டா, தண்ணி இருக்குன்னுதான் சொல்வாங்க."

இதையே மீட்டிங்கிலும் சொன்னார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "புரோகிராம் கரெக்டா இருக்கா?"

எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "கரெக்டா இருக்கு சார்" என்றேன்.

அக்கா அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. அந்த மாதமே வேலையை விட்டார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. தண்ணீர்த் தேவை குறைவு என்றது அறிக்கை. அந்தத் தெருக்களுக்குக் குழாய் வரவில்லை.

சில வருடங்கள் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். ஊரப்பாக்கத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பதாகச் சொன்னார். வெகுநாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நான் பேசாம இருந்தது தப்புக்கா."

அவர் கோபப்படவில்லை.

"நீ எங்கேப்பா பேசாம இருந்தே? கரெக்டா இருக்குன்னு சொன்னியே."

வண்டி வந்தது. லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டார்.

நான் இப்போதும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். நன்றாகவே இருக்கிறேன்.