வில்லனுக்கு அரோகரா

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் தலை நிறைய முடியோடு சினிமாவுக்குப் போகாதீர்கள். பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்குக் காமிக்ஸ் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். அதிலும் நீலச்சிறகன் என்றால்... சோறு தண்ணி வேண்டாம். முதுகில் நீல இறக்கை. அநியாயம் எங்கே நடந்தாலும் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்துவிடுவான். கதவு திறந்திருந்தாலும் ஜன்னல்தான்! பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்த புத்தகங்கள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய, கட்டிலுக்கு அடியில் இருந்தன.

மனைவிக்கு அந்த இடம் வேண்டுமாம். அரிசி மூட்டை வைக்க.

"அரக்கோணத்துல ஆபீஸ் வேலை. வீட்டுக்கு வந்தா ரெக்க கட்னவன் கதைய படிச்சிகினு குந்தியிருக்கீங்க. பழைய பேப்பர்காரன் வரட்டும், மொத்தமா போட்டுடறேன்."

கெஞ்சினேன். கடைசியில் ஒரு சமரசம்: பாவா என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு.

பாவா என் அக்கா புருஷன். அம்மையார்குப்பத்தில் தறி வைத்திருக்கிறார். பேச்சு கம்மி. ஆனால் எங்கள் குடும்பத்தில் பெண் பார்ப்பதிலிருந்து மனை வாங்குவது வரை கடைசி வார்த்தை அவருடையதுதான். இந்தக் கிருத்திகைக்கு முடி இறக்க அக்காவோடு வந்திருந்தார். அதே வாரம் எங்கள் ஊர்க் கொட்டகையில் என்ன படம் தெரியுமா? நீலச்சிறகன்! இங்கிலீஷ் படம். முருகனே அனுப்பி வைத்துவிட்டான் என்று பூரித்துப் போனேன். படத்தைப் பார்த்தால் பாவாவுக்குப் பிடித்துவிடும், பெட்டிகள் பிழைத்துவிடும்...

மாட்னி. உள்ளே நுழைந்தால் கும்மென்று சந்தன வாசனை. மலையிலிருந்து இறங்கிய கூட்டம், ரயில் வரும்வரை பொழுதைப் போக்க வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கே திரும்பினாலும் மொட்டை. பக்கத்தில் பாவாவும் புது மொட்டை.

முதல் காட்சியிலேயே நீலச்சிறகன் பறந்தான். ஐயோ, என்ன சொல்ல! இத்தனை வருஷமும் மங்கலான கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தவன்! அந்த இறக்கை விரியும் சத்தத்தை நானே வாயால் செய்து பார்த்திருக்கிறேன். அன்றுதான் நிஜமாகக் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆவலோடு பாவாவைப் பார்த்தேன்.

"துணி நல்லாகீது. சாயம் நல்லா ஏறியிருக்குது," என்றார்.

அடுத்து வில்லன் வந்தான். வந்தது வினை.

புத்தகத்தில் அவன் பெயர் டாக்டர் ஜடாமுடி. முழங்கால் வரை தொங்கும் சடை. விஷ ஊசிகளை அதற்குள்தான் ஒளித்து வைத்திருப்பான். படத்தில்? மொட்டை! எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் மொட்டை. போதாததற்கு மேலே மஞ்சள் அங்கி!

எனக்குக் கொதித்தது. "பாவா, இது அநியாயம்! புத்தகத்துல இவனுக்கு இம்மாம் பெரிய சடை. இப்ப ஊசிய எங்க வெப்பான்?"

"வேண்டுதலா இருந்திருக்கும் மச்சான். குடுத்துட்டான்."

அதற்குள் பின்வரிசையில் ஒரு குரல்: "அரோகரா!" கொட்டகையே திருப்பிக் கத்தியது. மொட்டைத் தலை, மஞ்சள் துணி — வேறென்ன வேண்டும்? வசனம் யாருக்குப் புரிகிறது? வில்லன் பேங்க்கைக் கொள்ளையடித்தான். "கோயில் திருப்பணிக்கா இருக்கும்," என்றார் முன்வரிசைப் பெரியவர். பாலத்தைத் தகர்த்தான். "அவனுக்கு இன்னா கஷ்டமோ, பாவம்," என்றாள் ஓர் அம்மாள்.

நாம் எல்லோரும் நல்லவன் பக்கம் நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் முதலில் பார்ப்பது என்ன? அவன் நம்ம ஆளா என்பதைத்தான்!

கடைசிச் சண்டை. நீலச்சிறகன் பாய்ந்து வந்து அந்த மொட்டைத் தலையில் ஓங்கி ஒரு குத்து விட்டான். கொட்டகையில் இருந்த அத்தனை கைகளும் அவரவர் தலைக்குப் போயின.

"டேய், முடி குடுத்த தலைல கை வெக்கிறான்டா!"

பாவாவின் கையும் தலையில்தான் இருந்தது. முகம் இறுகிவிட்டது. வில்லனை ஜெயிலில் தள்ளியபோது எழுந்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்தார். என் பெட்டிகள் பழைய பேப்பர்காரன் தராசில் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

வீட்டில் மனைவியும் அக்காவும் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

"சொல்லுங்கண்ணா. போட்டுடலாமா?"

பாவா காபியைக் குடித்து முடித்தார். துண்டால் தலையைத் துடைத்தார். பிறகு என்னிடம், "ஏன் மச்சான், அந்த மொட்டை ஜெயில்லருந்து வெளிய வர்றானா?"

"ஆங், வர்றான் பாவா. அடுத்த புத்தகத்துலயே தப்பிச்சிடறான்."

"வந்து அந்த ரெக்கக்காரன இன்னா பண்றான்?"

"சும்மா விடுவானா? கட்டிப் போட்டுடறான்."

அன்றைக்கு முதல்முறையாகப் பாவா சிரித்தார். மனைவியிடம் திரும்பினார்.

"இத்தெல்லாம் பழைய பேப்பருக்குப் போடக் கூடாதும்மா. தப்பு."

எனக்கு உயிர் வந்தது. நீலச்சிறகனைப்போல் ஜன்னல் வழியாகப் பறந்திருப்பேன். கம்பி இருந்தது.

"அதுக்காவ உன் எடத்தயும் அடைச்சிகினு இருக்கக் கூடாது. பெட்டிங்கள நான் எடுத்துகினு போறேன்."

சாயங்காலப் பஸ்ஸின் கூரையில் என் இரண்டு பெட்டிகளும் அம்மையார்குப்பம் போய்ச் சேர்ந்தன. தீர்ப்பு என்றால் தீர்ப்புதானே? யாரிடம் அப்பீல் செய்ய?

இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டுக்குப் போகிறேன். பாவா தறிக்கு லீவு விட்டுவிட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். அவர் பக்கத்தைத் திருப்பும்வரை, தோளுக்குப் பின்னால் நான் காத்திருக்கிறேன். போன வாரம் அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி கறிக்குழம்பை ஊற்றிவிட்டு, கண் கலங்கப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்:

"கூடப் பொறந்தவள பாக்காம ஒரு வாரம் இருக்க முடியலடி எந்தம்பிக்கு!"